நோஞ்சான் பெற்றோர், பயில்வான் பிள்ளை: வீரிய ஒட்டு மக்காச்சோளம் உருவான கதை

வீரிய ஒட்டு மக்காச்சோள விதைப் பை ஒன்றை வாங்கி வருகிறவர், அந்த விதையின் தாய் தகப்பனை நேரில் பார்த்தால் கடைக்குத் திரும்பிப் போய்ப் பணத்தைக் கேட்டாலும் கேட்பார். பையின் மேலே முழங்கை நீளக் கதிர், வரிசை பிசகாத மணிகள். அந்த விதையைப் பெற்ற தாய்ச் செடியோ பெரும்பாலும் குட்டை, தண்டு ஒல்லி. கதிர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், நுனிப் பக்கம் மணி பிடிக்காமல் பொக்கையாகவும் இருக்கும். தகப்பன் செடியும் ஏறக்குறைய அதே லட்சணம்தான். இந்த நோஞ்சான்களை உண்டாக்கத்தான் பயிர் ஆராய்ச்சியாளர்கள் ஆறேழு தலைமுறை காத்திருக்கிறார்கள்.

‘ஒட்டு’ என்ற சொல்லால் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஒட்டு மாங்கன்றில் ஒரு மரத்தின் கிளையை இன்னொன்றின் வேரோடு நிஜமாகவே ஒட்டுகிறோம். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் வெட்டும் கட்டும் எதுவும் கிடையாது. ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடியின் கதிரில் விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் எந்தச் செடியின் மகரந்தம் எதன் கதிரில் விழ வேண்டும் என்பதற்குள் நூறு வருஷக் கதை இருக்கிறது.

மக்காச்சோளத்தின் உடல் அமைப்பே இந்த வேலைக்கு வாகானது. நெல்லில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் அடங்கியிருக்கின்றன. கலப்பு செய்ய வேண்டுமென்றால் இடுக்கியும் பூதக்கண்ணாடியும் வேண்டும். மக்காச்சோளத்தில் ஆண்பூ உச்சந்தலையில் கொண்டை போல நிற்கிறது, பெண்பூ இடுப்பில் கதிராக உட்கார்ந்திருக்கிறது. கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டிழையும் உள்ளே ஒரே ஒரு மணிக்குப் போகும் பாதை. அந்த இழையில் மகரந்தம் விழவில்லை என்றால் அந்த இடத்தில் மணி இல்லை. ஒரு கொண்டை லட்சக்கணக்கில் மகரந்தத் துகள்களைக் காற்றில் விடும். அதனால் வயலில் ஒரு செடியின் கதிரில் பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செடிகளின் மகரந்தமே விழுகிறது. அதாவது ஒரே கதிரில் இருக்கிற நானூறு மணிகளுக்கும் அம்மா ஒன்று, அப்பாக்கள் பலர். மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 வருஷங்களுக்கு முன் தியோசிண்டே என்ற புல்லிலிருந்து மனிதர்கள் வளர்த்தெடுத்த காலம் முதல் இந்தப் பயிர் இப்படித்தான் கலந்துகொண்டே வந்திருக்கிறது.

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டு விவசாயிகள் இந்தக் கலவையிலிருந்து நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தார்கள், நம் ஊரில் பரணில் கட்டித் தொங்கவிடுவது போல. மக்காச்சோள அழகுப் போட்டிகள்கூட நடந்தன. உருட்டிக் கடைந்தது போன்ற கதிர், நேர்க்கோடு போட்ட வரிசை, நுனிவரை மணி என்று மதிப்பெண் போட்டுப் பரிசு கொடுத்தார்கள். அயோவா மாநிலத்தில் ஹென்றி வாலஸ் என்ற பதின்வயதுப் பையனுக்கு இதில் சந்தேகம் வந்தது. பரிசு பெற்ற கதிர்களின் மணிகளைத் தனித்தனியாக விதைத்து எடை போட்டுப் பார்த்தான். அழகுக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. இந்தப் பையன் பின்னாளில் அமெரிக்காவின் துணை ஜனாதிபதி ஆனவர், கதையில் மறுபடி வருவார்.

எவ்வளவு தேர்ந்தெடுத்தாலும் விளைச்சல் ஏறவில்லை. அமெரிக்க அரசு கணக்கு வைக்கத் தொடங்கிய 1866 முதல் 1930-கள் வரை சராசரி ஏக்கருக்குச் சுமார் ஆறரைக் குவிண்டாலைச் சுற்றியே நின்றது. இரண்டு தலைமுறை விவசாயிகள் நல்ல கதிராகப் பொறுக்கியும் பலன் இல்லை. காரணம் எளிது. கதிரைப் பார்த்தால் அம்மாவைத் தெரியும், அப்பாக்களைத் தெரியாது.

இதை உடைத்தவர் ஜார்ஜ் ஹாரிசன் ஷல். நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த அவருக்கு விளைச்சலைக் கூட்டும் நோக்கமே அப்போது இல்லை. கதிரில் எத்தனை வரிசை மணி என்பது எப்படி மரபில் இறங்குகிறது என்று பார்க்கத்தான் தொடங்கினார். (மக்காச்சோளக் கதிரில் வரிசைகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் இருக்கும், அடுத்த முறை சுட்ட கதிர் வாங்கும்போது எண்ணிப் பாருங்கள்.) அதற்காக ஒவ்வொரு செடியின் மகரந்தத்தையும் அதே செடியின் கதிரில் போட்டு, வருஷா வருஷம் அப்படியே செய்துகொண்டு போனார்.

இந்தத் தற்கலப்பை இன்றும் ஏறக்குறைய அதே மாதிரிதான் செய்கிறார்கள். கதிரிலிருந்து பட்டிழை வெளியே தலைகாட்டுவதற்கு முன்பே ஒரு பட்டர் பேப்பர் பையைத் தொப்பி போலக் கதிருக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் பக்கத்துச் செடி முந்திக்கொள்ளும். இழைகள் உள்ளே வளர்ந்ததும் நுனியைக் கத்தரித்து விடுவார்கள். மறுநாள் அவை ஒரே உயரத்தில் பல் துலக்கும் பிரஷ் போல நிற்கும். கத்தரித்த அன்று சாயங்காலமே அந்தச் செடியின் கொண்டைக்கு ஒரு காக்கித் தாள் பை. மறுநாள் காலை, பனி காய்ந்து வெயில் ஏறுவதற்குள், கொண்டையை வளைத்துப் பையோடு தட்டினால் மஞ்சள் தூள் அடியில் சேரும். கதிரின் தொப்பியைக் கழற்றி, நொடியில் தூளைப் பிரஷ் மேல் கொட்டி, அதே காக்கிப் பையைக் கதிரைச் சுற்றி மாட்டி ஸ்டேப்ளர் அடித்துத் தேதியை எழுதிவிடுவார்கள். பூக்கும் நாட்களில் ஒருவர் நாள் முழுக்க இதையே செய்வார். இலையின் ஓரம் கையைக் கீறும், மகரந்தம் கழுத்தில் ஒட்டி அரிக்கும்.

இப்படி ஒரு தலைமுறை தாண்டும்போதும் செடிக்குள் இருக்கும் கலப்பு பாதியாகக் குறைகிறது. முதலில் 50 சதவீதம், அப்புறம் 25, பன்னிரண்டரை. ஏழாவது தலைமுறையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இதுவரை மறைந்து கிடந்த கெட்ட மரபணுக்கள் எல்லாம் இந்தப் பயணத்தில் வெளியே வரும். வெள்ளை வெளேரென்று முளைத்துச் சாகும் நாற்று, வளராத குள்ளன், மகரந்தமே விடாத கொண்டை என்று பலதும் தலைகாட்டும். பல வாரிசு வழிகள் நடுவிலேயே அற்றுப் போகும். மிஞ்சுபவை ஒல்லியாக, ஆனால் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். ஒரு வரிசையில் இருபது செடி இருந்தால் இருபதும் ஒரே உயரம், ஒரே நாளில் பூ. இதைத்தான் தற்கலப்பு வழி என்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் பேச்சில் ‘இன்பிரட்’.

ஷல் இப்படி நலிந்துபோன இரண்டு வழிகளை எடுத்து ஒன்றோடொன்று கலந்தார். பிறந்த செடிகள் ஒரே தாவலில் பழைய உயரத்துக்கு எழுந்தன. சில ஜோடிகள் முதலில் எடுத்த ரகத்தையே விளைச்சலில் தாண்டின. 1908-இலும் 1909-இலும் அவர் எழுதிய இரண்டு சிறு கட்டுரைகளில் விஷயம் முடிந்துவிட்டது. சாதாரண மக்காச்சோள வயல் என்பது ஆயிரம் விதமான கலப்பினங்களின் கூட்டம். அதைத் தூய வழிகளாகப் பிரி, பிறகு ஜோடி சேர்த்து எந்த ஜோடி நன்றாக விளைகிறது என்று கண்டுபிடி, அந்த ஜோடியை வருஷா வருஷம் புதிதாகக் கலந்து விதை எடு. இன்றுவரை உலகம் செய்வது இதுதான்.

நலிந்த இரண்டு சேர்ந்தால் எப்படி வீரியம் வருகிறது? மழைக்கு இரண்டு ஓட்டைக் குடைகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் இடப்பக்கம் ஓட்டை, மற்றதில் வலப்பக்கம். தனித்தனியாகப் பிடித்தால் இரண்டிலும் நனைவீர்கள். ஒன்றின் மேல் ஒன்றை விரித்தால் தலை நனையாது. தாய் வழியில் கெட்டுப்போன மரபணு ஒன்றுக்குத் தகப்பன் வழியிலிருந்து நல்ல பிரதி வந்து அந்த இடத்தை மூடிவிடுகிறது. மரபணுக்கள் பல்லாயிரம் இருப்பதால் மூடப்படும் ஓட்டைகளும் ஏராளம். இதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சில இடங்களில் இரண்டு வெவ்வேறு பிரதிகள் சேர்ந்திருப்பதே ஒரே நல்ல பிரதி இரண்டாக இருப்பதைவிட மேல் என்று ஷல் காலத்திலேயே ஒரு கட்சி வாதாடியது. அந்த வழக்கு முழுதாகத் தீரவில்லை, ஆனால் விதை விற்பனை தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

முதலில் காத்திருக்க வேண்டித்தான் இருந்தது. நோஞ்சான் தாய்ச் செடியில் எத்தனை மணி கிடைக்கும்? விதை தங்க விலைக்கு விற்கும். ஷல்லைப் போலவே தற்கலப்பு செய்துகொண்டிருந்த எட்வர்ட் ஈஸ்ட் இந்தக் காரணத்தாலேயே இது நடைமுறைக்கு ஆகாது என்று நினைத்தார். அவருடைய மாணவர் டொனால்ட் ஜோன்ஸ் கனெக்டிகட்டில் 1917 வாக்கில் இதற்கு வழி கண்டார். நான்கு வழிகளை எடுத்து இரண்டு இரண்டாகக் கலப்பது, பிறந்த இரண்டு வீரியப் பிள்ளைகளையும் மறுபடி ஒன்றோடொன்று கலப்பது. இப்போது விற்பனை விதையைச் சுமப்பது நோஞ்சான் அல்ல, அதன் பயில்வான் மகள். கதிர் பெரிது, விதை மலிவு. இரட்டைக் கலப்பு என்ற இந்த ஏற்பாடு அடுத்த நாற்பது வருஷம் அமெரிக்காவை ஆண்டது. ‘காப்பர் கிராஸ்’ என்ற கலப்பினத்தை 1924-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வாலஸ், 1926-இல் சொந்தமாக விதைக் கம்பெனி தொடங்கினார். பயனியர் என்ற பெயரில் உலகமெங்கும் தெரிந்தது அதுதான். 1934, 1936 வறட்சிகளில் பழைய ரகங்கள் சாய்ந்து கிடக்க, பக்கத்தில் வீரிய ஒட்டு நிமிர்ந்து நின்றதை விவசாயிகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு விளம்பரமே வேண்டியிருக்கவில்லை. அயோவாவில் பத்து வருஷத்துக்குள் பழைய விதை ஏறக்குறைய காணாமல் போனது.

பரணும் கூடவே காலியானது. வீரிய ஒட்டில் விளைந்ததை எடுத்து அடுத்த பட்டத்துக்கு விதைத்தால் என்ன ஆகும் என்பதை என் சித்தப்பா பெரம்பலூர்ப் பக்கம் அரை ஏக்கரில் செய்தே பார்த்தார். “நல்ல கதிரா பொறுக்கித்தானே வெச்சேன்” என்று மாதக்கணக்கில் புலம்பினார். ஒரு செடி ஆளுயரம், அடுத்தது இடுப்பளவு. ஒன்று பூத்து முடித்தபோது இன்னொன்று அப்போதுதான் கொண்டை தள்ளியது. கதிர் பொறுக்கியதில் தப்பே இல்லை. இரண்டு வழிகளை மட்டும் கலந்த ஒற்றைக் கலப்பாக இருந்தால், அடுத்த தலைமுறையிலேயே கலப்பால் வந்த கூடுதல் வீரியத்தில் பாதி கரைந்துவிடும். நான்கு வழிகள் சேர்ந்த இரட்டைக் கலப்பில் கால்பங்கு போகும். இரண்டு குடைகளின் துணியையும் கிழித்துக் கலைத்துப்போட்டு மறுபடி தைத்தால், சில இடத்தில் ஓட்டைமேல் ஓட்டை வந்து விழத்தானே செய்யும்.

விவசாயி ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போகவேண்டிய நிலை கம்பெனிகளுக்கு எவ்வளவு வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்காகவே வீரிய ஒட்டு முறையைத் தூக்கிப் பிடித்தார்கள், அதே பணத்தைச் சாதாரண ரகங்களின் தேர்வில் போட்டிருந்தால் அவையும் இதே அளவுக்கு முன்னேறியிருக்கும் என்று விமர்சிப்பவர்கள் உண்டு. பாதி நியாயம் என்று எனக்குப் படுகிறது. வீரியம் நிஜம், அதை யாரும் வித்தை காட்டி உண்டாக்கவில்லை. ஆனால் பூட்டுப் போட்ட சரக்காக அது இல்லாமல் இருந்திருந்தால் தனியார் பணம் இவ்வளவு வேகமாக வந்திருக்காது.

சரி, எந்த இரண்டு வழிகளை ஜோடி சேர்ப்பது? நூறு வழிகள் கையில் இருந்தால் 4,950 ஜோடிகள் சாத்தியம். அத்தனையையும் நட்டு எடை போட எந்த நிலையத்துக்கும் நிலம் கிடையாது. அதனால் முதலில் எல்லா வழிகளையும் ஒரே பொது ஆளோடு கலந்து பார்க்கிறார்கள். யாரோடு சேர்ந்தாலும் சுமாராக நன்றாக விளைகிறவை தேறும், மற்றவை கழிந்துபோகும். தேறியவற்றுக்குள்தான் குறிப்பிட்ட ஜோடிப் பொருத்தம் பார்ப்பது. இந்த இரண்டு விதத் திறனையும் பிரித்துக் கணக்குப் போடும் முறையை ஸ்பிரேக், டேட்டம் என்ற இருவர் 1942-இல் வகுத்தார்கள். நம் ஊரில் மணப்பொருத்தம் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னால் ஆராய்ச்சியாளர்களே சிரிப்பார்கள். சொந்தத்தில் முடித்தால் பிரயோஜனம் இல்லை என்பது இங்கே முதல் விதி. தாயும் தகப்பனும் தூரத்துக் குடும்பங்களாக இருக்க வேண்டும்.

அந்தத் தூரத்துக் குடும்பங்கள் அமைந்ததிலும் ஒரு தற்செயல் உண்டு. 1846-இல் ராபர்ட் ரீட் என்பவர் ஒஹாயோவிலிருந்து இல்லினாய்க்குக் குடிபெயர்ந்தபோது தன் ஊர் மக்காச்சோள விதையையும் கொண்டுபோனார். விளைந்ததை அடுத்த வருஷம் விதைத்தபோது முளைப்பு சரியில்லை. முளைக்காத இடங்களை நிரப்ப உள்ளூர்க் குட்டை மஞ்சள் ரகம் ஒன்றை இடையிடையே ஊன்றினார். இரண்டும் வயலிலேயே கலந்தன. அதிலிருந்து அவர் குடும்பம் தேர்ந்தெடுத்த ரீட் மஞ்சள் ரகம் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது, மத்திய மேற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. பிற்காலத்தில் ஸ்பிரேக் சாயாத தண்டு உள்ள 16 வழிகளைக் கலந்து ஒரு கூட்டு ரகம் செய்தார். அதில் பெரும்பங்கு ரீட் ரத்தம். அதிலிருந்து 1972-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பி73 என்ற வழி வந்தது. மறுபக்கம் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ரகத்திலிருந்து வந்த குடும்பத்தில் 1964-இல் மிசோரியில் பிறந்தது எம்ஓ17. பி73 தாய், எம்ஓ17 தகப்பன் என்று சேர்ந்த ஜோடி ஒருகாலத்தில் அமெரிக்க வயல்களைப் பிடித்து வைத்திருந்தது. 2009-இல் மக்காச்சோளத்தின் முழு மரபணு வரிசையைப் படித்தபோதும் எடுத்துக்கொண்டது பி73-ஐத்தான். குடும்பங்களைத் தனித்தனியாக வைத்து மேம்படுத்துவது, கலப்பதைக் கடைசியில் விதைப் பண்ணையில் மட்டும் செய்வது என்ற ஒழுங்கு இதிலிருந்துதான் உறுதிப்பட்டது.

விதைப் பண்ணை வேலை இந்தியாவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு பெண் வரிசைக்கு இரண்டு ஆண் வரிசை. பக்கத்து மக்காச்சோளத்திலிருந்து விலகு தூரம் 200 மீட்டர். இரண்டு வழிகளும் ஒரே சமயம் பூக்காது என்றால் ஒன்றைச் சில நாள் தள்ளி விதைப்பார்கள். கொண்டை வெளியே வந்ததும் பெண் வரிசைகளில் ஆட்கள் இறங்குவார்கள். ஒரு கையால் தண்டைப் பிடித்து, மறு கையால் கொண்டையை மட்டும் மேல்நோக்கி ஒரே இழுவையில் உருவ வேண்டும். கூடவே இலைகளும் வந்துவிட்டால் மகசூல் குறையும், பாதி கிள்ளி அடியை விட்டுவைத்தாலும் அது மகரந்தம் விடும். ஒரு சுற்றோடு முடியாது. தினமும் காலையில் அதே வரிசைகள், இரண்டு வாரம்வரை. தப்பி நின்ற ஒரு கொண்டை போதும், பைக்குள் நோஞ்சான் விதை புகுந்துவிடும்.

இந்தக் கூலி வேலையைத் தவிர்க்கத்தான் அமெரிக்கர்கள் ஒரு குறுக்கு வழி எடுத்தார்கள். டெக்சாஸில் கண்ட ஒரு செடியில் கொண்டை வந்தது, மகரந்தம் வரவில்லை. அந்தக் குணம் தாய் வழியாக மட்டும் இறங்கும். பெண் வழிகளுக்கெல்லாம் அதை ஏற்றிவிட்டால் கொண்டை பிடுங்க ஆளே தேவையில்லை. 1970-இல் அமெரிக்க வீரிய ஒட்டு விதையில் சுமார் 85 சதவீதம் இந்த ஒரே டெக்சாஸ் தாயின் வாரிசு. அந்த வருஷம் இலைக்கருகல் பூஞ்சையின் புதிய வகை ஒன்று கிளம்பியது. மகரந்தத்தை மலடாக்கிய அதே மரபணுதான் அந்தப் பூஞ்சையின் நஞ்சுக்கு வாசலைத் திறந்துவிட்டது. நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் போனது, தெற்கு மாநிலங்களில் சில வயல்களில் மிச்சமே இல்லை. அப்புறம் என்ன, பையன்களும் பெண்களும் கோடை விடுமுறையில் மறுபடி கொண்டை பிடுங்க வயலுக்கு வந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு விளைச்சல் எங்கே வந்து நிற்கிறது? ஏக்கருக்கு ஆறரைக் குவிண்டால் என்று இருந்த அமெரிக்கச் சராசரி இப்போது 44 குவிண்டாலைத் தாண்டி நிற்கிறது. இதில் எவ்வளவு விதையால், எவ்வளவு உரத்தாலும் களைக்கொல்லியாலும் என்று பிரித்தால் பாதிக்குப் பாதி என்பதே பொதுவான கணக்கு. பயனியரில் வேலை பார்த்த டொனால்ட் டுவிக் ஒரு காரியம் செய்தார். 1930-களிலிருந்து ஒவ்வொரு பத்தாண்டிலும் புழங்கிய வீரிய ஒட்டுகளை ஒரே வயலில் பக்கத்தில் பக்கத்தில் நட்டார். இடைவெளி விட்டு நட்டபோது பழையதற்கும் புதியதற்கும் ஒரு செடிக்கான விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. நெருக்கி நட்டபோது பழையவை கதிரே வைக்காமல் சாய்ந்தன, புதியவை ஒவ்வொன்றும் தன் கதிரை வைத்துக்கொண்டு நின்றன. 1930-களில் ஹெக்டேருக்கு 30,000 செடி நட்டார்கள், இப்போது 80,000 வரை. கதிர் பெரிதாகவில்லை, கூட்டத்தில் பசி தாகத்தைத் தாங்கும் செடி வந்திருக்கிறது.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது அவருடைய இன்னொரு முடிவு. கலப்பால் கிடைக்கும் கூடுதல் வீரியம் இத்தனை வருஷத்தில் பெரிதாக ஏறவில்லை. பிள்ளைகள் ஏறிய அதே வேகத்தில் பெற்றோரும் ஏறியிருக்கிறார்கள். இன்றைய தற்கலப்பு வழிகள் ஷல் காலத்து அளவுக்கு நோஞ்சான்கள் அல்ல. அவற்றையும் நெருக்கி நட்டு, வாட்டி, தாங்கியதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1960-களில் தாய்ச் செடியே போதுமான விதை கொடுக்கும் நிலை வந்ததும் ஜோன்ஸின் இரட்டைக் கலப்பு ஓய்வு பெற்றது, ஷல் முதலில் சொன்ன ஒற்றைக் கலப்பே திரும்பி வந்தது. வீரிய ஒட்டு என்றதும் கலப்பின் மாயத்தையே பேசுகிறோம். விதையால் வருஷா வருஷம் கூடிய விளைச்சல் பெற்றோரைத் திருத்திய வேலையில்தான் வந்தது.

இந்தியா இந்த வழியில் தாமதமாக, கொஞ்சம் தடுமாறி நடந்தது. அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோளத் திட்டம் 1957-இல் தொடங்கியது. 1961-இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்று நான்கு இரட்டைக் கலப்புகள் வெளிவந்தன. ஆனால் நான்கு தற்கலப்பு வழிகளைக் காப்பாற்றி, தனித்தனி வயல்களில் இரண்டு கட்டமாகக் கலந்து, இடையில் முளைத்த வேறு ரகச் செடிகளை நீக்கி விதை எடுக்கும் ஏற்பாடு அன்றைக்குச் சுலபமாக இல்லை. அதனால் 1967-இல் விஜய், கிசான் போன்ற கூட்டு ரகங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் விவசாயியே விதை எடுத்து வைக்கலாம். முதல் ஒற்றைக் கலப்பான பாரஸ் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1995-இல்தான் வந்தது. நாமக்கல் கோழிப் பண்ணைகள் தீவனத்துக்கு மக்காச்சோளத்தை இழுக்க ஆரம்பித்ததும் தமிழ்நாட்டில் பயிரின் முகமே மாறியது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 6 வீரிய ஒட்டின் பெற்றோருக்கு யூஎம்ஐ 1200, யூஎம்ஐ 1230 என்று பெயர். விவசாயிக்குப் பையின் பெயர் தெரியும், இந்த எண்களைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று சிபாரிசு செய்கிறார்களே, அது ஏக்கருக்கு 26,000 செடிக்கு மேல். அவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும் தைரியம் அந்த இரண்டு எண்களிலிருந்து வந்ததுதான்.

ஆறேழு தலைமுறைக் காத்திருப்பு மட்டும் இப்போது குறைந்திருக்கிறது. ஒருவகை மக்காச்சோளத்தின் மகரந்தத்தைப் போட்டால், பிறக்கும் மணிகளில் பத்தில் ஒன்று போலத் தாயின் மரபுத்தொகுதி மட்டும், அதுவும் ஒற்றைப் பிரதியில், இருக்கும். அதை மருந்தில் நனைத்து இரட்டிப்பாக்கினால் இரண்டே பருவத்தில் முழுத் தூய வழி கையில். கர்நாடகத்தின் குனிகல்லில் இதற்கென்று ஒரு கூடம் 2021 முதல் நடக்கிறது. அந்தப் பத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் இயந்திரம் கிடையாது. மகரந்தம் தந்த ஆண் வகைக்கு ஊதா நிறம் வைத்திருக்கிறார்கள். மணியின் மண்டையும் உள்ளே முளையும் ஊதா என்றால் சாதாரணக் கலப்பு, தூக்கிப் போடலாம். மண்டை ஊதா, முளை வெள்ளை என்றால் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தட்டு நிறைய மணிகளைக் கொட்டிக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பிரிக்கிறார்கள்.